எண்பதாயிரம் பேருக்கான நகரம்: யங்ஸ்டவுன் மக்கள் போட்ட திட்டமும் அது சறுக்கிய இடங்களும்

கேள்வி: ஆலைகள் மூடி, பாதிக்கு மேற்பட்டோர் கிளம்பிப்போன ஓர் ஊரை, மிச்சமிருக்கும் குடியிருப்பாளர்களே ஒன்றுகூடித் திட்டமிட்டு மீட்க முடியுமா? எங்காவது நடந்திருக்கிறதா? என்னென்ன செய்தார்கள்?

நடந்திருக்கிறது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதி பதிலைத் தன் வெற்றியாலும் மீதியைத் தன் தவறுகளாலும் சொல்லிக்கொடுக்கும் ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மஹோனிங் ஆற்றங்கரையில் இருக்கும் யங்ஸ்டவுன்.

முதலில் அந்த ஊருக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம். 1930-இல் அங்கே 1,70,000 பேர் இருந்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் வரிசையாக எஃகு ஆலைகள். ஊர் இன்னும் பெருகும் என்ற நம்பிக்கையில் தெரு, குழாய், பாலம் எல்லாம் இரண்டரை லட்சம் பேருக்குப் போதும் அளவில் போடப்பட்டன. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்ப்பெல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஒரே அறிவிப்பில் சுமார் 5,000 வேலைகள் போயின. அந்த ஊரில் அந்த நாளுக்குப் பெயரே ‘கருப்புத் திங்கள்’. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் வரிசையாக மூடின.

மக்கள் அப்போதே கைகட்டி நிற்கவில்லை. ஆலையைத் தாங்களே வாங்கி நடத்துவது என்று தேவாலயங்களும் தொழிலாளர்களும் கூட்டணி கட்டி, குடும்பங்களின் சேமிப்பைத் தனி வங்கிக் கணக்குகளில் திரட்டினார்கள். கடனுக்கு உத்தரவாதம் தர மத்திய அரசு 1979-இல் மறுத்ததோடு அந்த முயற்சி நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2002-இல் மறுபடி ஒரு கூட்டம் கூட்டியபோது, வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை நம்பித் தோற்றவர்கள். இப்படிப்பட்ட ஊரில் வெறும் உற்சாகப் பேச்சு எடுபடாது.

2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 82,026. நகராட்சி கடைசியாக முழுத் திட்டம் தீட்டியது 1951-இல். 1974-இல் அதில் சில திருத்தங்கள், அவ்வளவுதான். நகராட்சியும் யங்ஸ்டவுன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘யங்ஸ்டவுன் 2010’ என்ற வேலையைத் தொடங்கின. முதலில் சங்கங்கள், தேவாலயங்கள், கடைக்காரர்கள், பள்ளிகள் என்று சிறுசிறு அமர்வுகள். பிறகு 2002 டிசம்பரில் ஸ்டாம்பா அரங்கில் பொதுக்கூட்டம். 1,400 பேர் வந்தார்கள். அதன்பின் பேட்டை பேட்டையாகக் கூட்டங்கள் நடந்தன, தன்னார்வலர்கள் தெருக்களில் இறங்கிக் கணக்கெடுத்தார்கள். 2005-இல் திட்டம் நகர மன்றத்தில் நிறைவேறியது. இந்த மக்கள் பங்கேற்புக்காக 2007-இல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் தேசிய விருதும் கிடைத்தது.

அந்தத் திட்டத்தில் உண்மையிலேயே துணிச்சலான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: யங்ஸ்டவுன் இனி ஒரு சிறிய நகரம். 80,000 பேருக்கு ஏற்ற ஊராக அதை அமைத்துக்கொள்வோம். குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குறைத்துப் பூங்கா, பசும்வெளி, மாசில்லாத சிறுதொழில் என்று மாற்றுவது அதன் சாரம். ‘இழந்ததை மீட்போம்’ என்று இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிது. ஒரு மேயர் தனியாக இதைச் சொல்லியிருந்தால் அடுத்த தேர்தலில் தோற்றிருப்பார். மக்கள் கூடி, தங்கள் தெருவில் எத்தனை வீடு காலி என்று தாங்களே எண்ணிய பிறகு சொன்னதால் நிலைத்தது. திட்டப் பணியை முன்னின்று நடத்திய ஜே வில்லியம்ஸ் 2005 நவம்பரில் எந்தக் கட்சியும் சாராமல் நின்று மேயராக வென்றார்.

எண்ணிக்கை முதலில், வரைபடம் பிறகு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஆர்லியன்ஸ் சாட்சி. கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2006 ஜனவரியில், எந்தப் பகுதிகளைப் பூங்காவாக மாற்றலாம் என்று பச்சை வட்டங்கள் போட்ட ஒரு வரைபடம் நாளிதழில் வெளியானது. இன்னும் ஊர் திரும்பாத மக்கள், தங்கள் வீடுகள் பச்சை வட்டத்துக்குள் இருப்பதைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஊரே கொதித்தது, திட்டம் அத்தோடு முடங்கியது. வட்டத்துக்குள் அகப்பட்ட பிராட்மூர் பேட்டை மக்கள் தாங்களே தெருவாரியாகப் பொறுப்பாளர் வைத்து, யார் யார் திரும்பி வருகிறார்கள் என்று கணக்கெடுத்து, சொந்தத் திட்டம் எழுதித் தங்கள் பேட்டையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ‘சுருங்குவது’ என்ற முடிவை, சுருங்கப்போகும் தெருவில் குடியிருப்பவர் வாயால் வரவிடுங்கள். வேறு யார் சொன்னாலும் அது வெளியேற்ற அறிவிப்பாகத்தான் கேட்கும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

கணக்கெடுப்பு இரண்டு இரண்டு பேராக நடந்துபோய்ச் செய்யும் வேலை. ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். தெருவின் ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே குறுக்கே கடந்தால் மனை விட்டுப்போகும். பழகிய இணை ஒரு காலைப்பொழுதில் ஏறக்குறைய நூறு மனைகளைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மனைக்கும் சொத்துவரிப் பதிவேட்டு எண், ஆள் இருக்கிறார்களா, கூரை, முன்திண்ணை, சன்னல், அடித்தளம் ஆகியவற்றின் நிலை, ஒரு புகைப்படம். முழு வீட்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுங்கள்: நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது, தேறாது. நான்கு படி போதும். பத்துப் படி வைத்தால் ஆளுக்கு ஆள் அளவு மாறி, பிறகு எதையும் ஒப்பிட முடியாது. நடைபாதையிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உள்ளே நுழையவே கூடாது, தரை இற்றுப்போயிருக்கும்.

ஆள் இருக்கிறார்களா என்பதில்தான் அதிகம் தவறு நடக்கும். வாசலில் குவிந்த தபாலும் ஓடாத மின்மீட்டரும் காலி வீட்டைக் காட்டும். ஆனால் மின்சாரம் வெட்டப்பட்ட வீட்டில் வறுமையால் இருட்டில் குடியிருக்கும் முதியவரும் இருப்பார். பனிக்காலத்தில் பனிமேல் காலடித்தடம் நல்ல சாட்சி. மரங்களில் இலை உதிர்ந்திருப்பதால் கூரையும் தெளிவாகத் தெரியும். சந்தேகமிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், தாளில் ‘சந்தேகம்’ என்றே குறியுங்கள். இந்தப் பட்டியலுக்கு ஆயுள் ஓராண்டுதான். காலி வீடு ஒரே குளிர்காலத்தில் ‘சிறு பழுது’ நிலையிலிருந்து ‘தேறாது’ நிலைக்கு விழுந்துவிடும். காரணம் எளிது: சூடேற்றாத வீட்டில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், அல்லது செம்புக்குழாயைத் திருடுபவர் வெட்டிக்கொண்டு போவார், அடைக்காத தண்ணீர் நாள்கணக்கில் ஓடித் தரையை ஊறவைக்கும். ஆகவே ஒரு வீடு காலி என்று தெரிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை தெருமுனை வால்வில் தண்ணீரை நிறுத்தி, குழாய்களை வடித்துவிடுவது. சன்னல், கதவுகளைப் பலகையால் அடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பலகையை ஆணியால் அடித்தால் கடப்பாரையால் ஒரே நெம்பில் வந்துவிடும். சரியான முறை இது: 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைச் சன்னலின் அளவுக்கு வெட்டி, உட்புறம் குறுக்குச் சட்டம் கொடுத்து, வழுவழுப்பான உருண்டைத் தலை போல்ட் வெளியிலிருந்து உள்ளே போகும்படி மாட்டி, நட்டை உள்ளே இறுக்க வேண்டும். வெளியிலிருந்து கழற்றப் பிடிமானமே இருக்காது. கடைசிக் கதவுக்கு மட்டும் பூட்டு. பலகை அடித்த வீடே தெருவைப் பாழாகக் காட்டுகிறது என்பதால் யங்ஸ்டவுனில் தன்னார்வலர்கள் பலகைகளில் கதவு, சன்னல் போலவே வண்ணம் தீட்டினார்கள். ஒஹாயோ பிற்பாடு, விரைவு நடைமுறையில் ஏலத்துக்குப் போகும் காலி வீடுகளில் ஒட்டுப்பலகையையே தடைசெய்தது; அதற்கு மாற்று, உள்ளே பார்க்க முடிகிற பாலிகார்பனேட் தகடு.

இடிப்பது என்று முடிவானால், ஒப்பந்தத்தில் பள்ளத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை உண்டு. மோசமான ஒப்பந்தக்காரர் வீட்டை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தள்ளி, மேலே நான்கு அங்குல மண் போட்டு மூடிவிடுவார். இரண்டு மழைக்காலத்தில் மண் அமிழ்ந்து குட்டை கட்டும். பின்னர் அங்கே தோண்டவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. எழுதவேண்டியவை: முதலில் கல்நார் இருக்கிறதா என்ற சோதனையும் அகற்றலும், சாக்கடை இணைப்பை அடைத்ததற்கான ஆய்வுச் சான்று, நிலவறைத் தளத்தை எடுத்துவிடுவது அல்லது நீர் வடிய உடைத்துவிடுவது, இடிபாடு கலக்காத மண்ணால் நிரப்பி அடுக்கடுக்காக இறுக்குவது, மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் வளமண், விதைப்பு. நிரப்புவதற்கு முன் ஒருமுறை, மூடிய பின் ஒருமுறை என்று இரண்டு ஆய்வுக்குப் பிறகே பணம்.

1978-க்கு முந்தைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். இடித்த மனையின் மண்ணிலும் அது கிடக்கலாம். அங்கே காய்கறி போடுவதாக இருந்தால் மண் பரிசோதனை கட்டாயம். இல்லையென்றால் துணி விரித்து, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளிமண் நிரப்பிய மேட்டுப்பாத்தி போடுங்கள்.

காலிமனையை வெறுமனே சுத்தம் செய்து புல் விதைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். எனக்குத் தெரிந்தவரை போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தரும் வேலை அதுதான். பிலடெல்பியாவில் 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள்: குப்பை அகற்றி, சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடைவெளி விட்ட தாழ்ந்த மரவேலி. 2018-இல் வெளியான முடிவு: வறுமைக் கோட்டுக்குக் கீழான பேட்டைகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. யங்ஸ்டவுனில் 2010 முதல் நடக்கும் காலிமனைப் பசுமைத் திட்டத்தையும் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து புல் விதைத்த மனைகளைச் சுற்றி வீடு புகுந்து திருடுவது குறைந்தது. மக்களே தோட்டம் போட்ட மனைகளைச் சுற்றி அடிதடித் தாக்குதல் குறைந்தது. வாகனத் திருட்டு மட்டும் இரண்டு வகையிலும் கூடியது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேலியின் பயன் பலருக்குப் புரிவதில்லை. ஆளைத் தடுக்க அல்ல, குப்பை லாரி உள்ளே நுழைந்து கொட்டாமல் தடுக்கத்தான். அதனால் நடந்து போக இடைவெளி இருக்க வேண்டும், லாரி போக இருக்கக் கூடாது.

விதைத்த மறுநாளிலிருந்து அடுத்த கேள்வி: யார் வெட்டுவது? அங்கே புல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வளரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாலும் ஒரு மனைக்கு ஆண்டில் பதினான்கு முறை. முதல் ஆண்டில் தன்னார்வலர்கள் ஐம்பது மனைகளை வெட்டுவார்கள். மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர்கூட வர மாட்டார்கள். அதனால் புதிய மனையைச் சேர்க்குமுன் பழைய மனைகளை வெட்டுவதற்கு மூன்று ஆண்டுப் பணம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெருங்கிப் படரும் வெள்ளை மசால் புல் கலந்து விதைத்தால் வெட்டும் தடவை குறையும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, பக்கத்து வீட்டுக்காரருக்கே அந்த மனையைச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுவது. கொடுக்கும்போது அவருடைய வீட்டு மனையோடு சேர்த்து ஒரே பதிவெண்ணாக்கிவிடுங்கள். தனி எண்ணாகவே விட்டால், அவர் இறந்த பிறகு வாரிசுகள் வீட்டை விற்றுவிட்டு மனையை மறந்துவிடுவார்கள். வரி பாக்கி ஏறி, அது மறுபடி நகராட்சியின் தலையில் விழும்.

இங்கேதான் உடைமைச் சிக்கல் வருகிறது. கூட்டத்தில் எல்லாரும் கைகாட்டிய பாழ்வீடு யாருடையது? செத்தவர் பேரில் இருக்கும், வேறு மாநில நிறுவனத்தின் பேரில் இருக்கும், வங்கி ஏலம் விடப்போவதாகச் சொல்லிப் பாதியில் விட்டிருக்கும். வில்லங்கம் தீராமல் ஒரு செங்கலைத் தொட முடியாது. ஒஹாயோவில் இதற்கு இரண்டு சட்டங்கள் கைகொடுத்தன. 2006-இல் வந்தது, வரி பாக்கியுள்ள கைவிடப்பட்ட சொத்தை நீண்ட நீதிமன்ற வழக்கு இல்லாமல் மாவட்ட மதிப்பீட்டு மன்றம் வழியாக மீட்க வழி செய்தது. அதன்பின் மாவட்ட நிலவங்கிச் சட்டம். கைவிடப்பட்ட சொத்துகளை வாங்கி, வில்லங்கம் தீர்த்து, இடித்தோ சீர்செய்தோ கைமாற்றும் பொது அமைப்புதான் நிலவங்கி. அந்தச் சட்டம் 2010-இல் யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் போன்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது, 2011-இல் அங்கே நிலவங்கி உருவானது. வசூலாகும் பழைய வரி பாக்கியில் 5 சதவீதம் வரை அதன் நடப்புச் செலவுக்குப் போகும். பாழ்பட்ட சொத்தின் அபராதமே பாழ்பட்ட சொத்தைச் சீர்செய்யும் ஏற்பாடு இது. 2014-க்குப் பிறகு, வீட்டுக்கடன் நெருக்கடிக்கென வந்த மத்திய நிதியிலிருந்து ஒஹாயோவில் ஒரு வீட்டை இடித்துப் பசுமையாக்க 25,000 டாலர் வரை கிடைத்தது. அது நிலவங்கிகளின் வழியாகத்தான் வந்தது. நிலவங்கி இல்லாத ஊருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் வரி பாக்கி உரிமையைத் தனியார் வசூல் நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கிறதா என்றும் முதலிலேயே விசாரியுங்கள். விற்றுவிட்டால் அந்த மனைகள் ஆண்டுக்கணக்கில் யார் கைக்கும் வராது.

கோலார் தங்கவயலை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001-இல் சுரங்கம் மூடியபின் அங்கேயும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்த்தான் ஊரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் யங்ஸ்டவுனில் தொழிலாளியின் வீடு பெரும்பாலும் அவர் பேரில் இருந்தது. தங்கவயலில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லைன் வீடு கம்பெனி நிலத்தில். அங்கே கணக்கெடுப்புக்கும் முன்னதாக உரிமைப் பத்திரம் வர வேண்டும்.

யங்ஸ்டவுன் எங்கே சறுக்கியது? திட்டத்தில் ஊரின் பேட்டைகள் எல்லாம். நகராட்சித் திட்டப் பிரிவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். திட்டத்துக்கு ஏற்ற நிலப் பயன்பாட்டு விதிகளைத் திருத்தி எழுதும் வேலை பல ஆண்டு தள்ளிப்போனது; அதுவரை பழைய விதிதான் சட்டம், வண்ண வரைபடம் வெறும் விருப்பம். காலியாகிப்போன தெருக்களிலிருந்து மக்கள் தாமாக நெருக்கமான பேட்டைக்கு மாறுவதற்கு உதவித்தொகை என்ற யோசனைக்கு ஏறக்குறைய யாருமே முன்வரவில்லை. கடன் தீர்ந்த வீட்டில் முப்பது ஆண்டு வாழ்ந்த எழுபது வயதுக்காரர் ஏன் போவார்? அவர் ஒருவர் இருக்கும்வரை அந்தத் தெருவுக்குக் குழாய், விளக்கு, பனி அள்ளும் வண்டி எல்லாம் போயாக வேண்டும். ஆகவே ‘சுருங்கினால் செலவு குறையும்’ என்ற கணக்கை முதல் பத்தாண்டு வரவுசெலவில் சேர்க்கவே கூடாது. மக்கள்தொகையும் 80,000-இல் நிற்கவில்லை: 2010-இல் 66,982, 2020-இல் 60,068.

பிழைத்தது பேட்டை அளவில் நடந்த வேலை. 2009-இல் நகராட்சியும் உள்ளூர் அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து பேட்டை மேம்பாட்டுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, முழு ஊரையும் விட்டுவிட்டு ஐடோரா என்ற ஒரே பேட்டையில் கவனம் குவித்தார்கள். பெரிய பூங்காவை ஒட்டிய, நல்ல வீடுகள் இன்னும் மிச்சமிருந்த பேட்டை அது. ஒரு தெருத்தொகுதியை எடுத்தால் தேறாத வீட்டை இடிப்பது, தேறும் வீட்டைப் பழுதுபார்த்துக் குடியிருப்பவருக்கே விற்பது, காலிமனையைப் பசுமையாக்குவது, நடைபாதையைச் சரிசெய்வது எல்லாம் ஒரே பருவத்தில். இடிக்கும் பணத்தை எல்லாப் பேட்டைக்கும் சமமாகப் பங்கிட்டால் நியாயமாகத் தோன்றும்; ஆனால் எந்தத் தெருவிலும் மாற்றம் கண்ணில் படாது. மோசமான தெருவில் தொடங்குவதைவிட, விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் தெருவில் தொடங்குவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அங்கே இரண்டு வீட்டைச் சரிசெய்தால் பத்து வீட்டுக்காரர்கள் கிளம்பாமல் நிற்பார்கள். மற்றத் தெருக்காரர்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கும் உடைந்த பலகை, குப்பை, தெருவிளக்கு போன்ற குறைந்தபட்ச வேலைகள் தவறாமல் நடக்க வேண்டும்.

கூட்டம் நடத்துவது பற்றியும் கேட்பீர்கள். மேசைக்கு எட்டுப் பேர், அந்தப் பேட்டையின் பெரிய வரைபடம் ஒன்று, வேறு பேட்டையைச் சேர்ந்த ஒருவர் நடத்துநர். ‘உங்கள் கனவு நகரம் எது’ என்று கேட்காதீர்கள். பூங்கா, வேலை, பாதுகாப்பு என்று எல்லா ஊரிலும் வரும் அதே பட்டியல்தான் வரும். ‘உங்கள் தெருவில் முதலில் கைவைக்க வேண்டிய மூன்று இடங்கள் எவை’ என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வண்டி வசதி மூன்றும் இல்லாவிட்டால் சொந்த வீடுள்ள முதியவர்கள் மட்டுமே வருவார்கள். வாடகைக்காரர்களும் இரவுப்பணிக்காரர்களும் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கதவு தட்டிக் கேட்பதுதான் வழி, அதைக் கணக்கெடுப்போடு சேர்த்துவிடலாம். முப்பது நாளுக்குள் ஒரு பக்கத் தாள் அதே வீடுகளுக்குப் போக வேண்டும்: நீங்கள் சொன்னவை இவை, முடிந்தவை இவை, முடியாதவை இவை, காரணம் இது, பொறுப்பாளர் இன்னார். முதல் தாளிலேயே ‘முடிந்தவை’ என்ற இடம் காலியாக இருக்கக் கூடாது. எனவே முதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்குமுன்னே ஒரு குப்பை லாரிக்கும் பத்துப் பலகைக்கும் பணம் எடுத்து வைத்துவிடுங்கள்.